படலமே இல்லாத துண்டு

1. ஷட்டர் திறக்கவில்லை.
2. திறக்கவில்லை என்பது எல்லாம் முடிந்து, சேம்பரின் கதவைத் திறந்த பிறகுதான் தெரிந்தது.
3. அன்று பிற்பகல் காந்த அளவைக் கருவியில் எங்களுக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். வைப்பதற்கு வேறு துண்டு இல்லை.
4. அதனால் படலமே படியாத அந்த வெறும் சிலிக்கான் துண்டைக் கொண்டுபோய் வைத்தேன்.
5. அது காந்தமாக இருந்தது.

ஐந்தாவது நடந்திருக்கவே கூடாது. ஏன் கூடாது என்று சொல்ல வேண்டுமானால், நாங்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. டெல்லியில் பார்க்கும் இடமெல்லாம் மெட்ரோவுக்காகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆய்வகத்துக்குள் நுழையும் முன் செருப்பைக் கழற்றி, தலைக்குத் துணித்தொப்பி போட்டு, கையுறை மாட்டிக்கொள்வோம். தூசிக்கு அவ்வளவு பயம்.

எலக்ட்ரானுக்கு மின்னூட்டம் உண்டு என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. அதற்குச் சுழற்சி என்று இன்னொரு குணமும் உண்டு. அந்தக் குணத்தால் ஒவ்வொரு எலக்ட்ரானும் மிக மிகச் சிறிய ஒரு காந்தம். கணினிச் சில்லுகள் முதல் குணத்தை வைத்தே காலம் தள்ளிவிட்டன. இரண்டாவதையும் பயன்படுத்த முடிந்தால், மின்சாரம் போனாலும் மறக்காத நினைவகத்தையும் கணக்குப் போடும் சுற்றையும் ஒரே சில்லில் வைக்கலாம். இதற்கு ஸ்பின்ட்ரானிக்ஸ் என்று பெயர். மே மாத மின்வெட்டில், சேமிக்காத பக்கங்களை அடிக்கடி பறிகொடுத்தவர்கள் நாங்கள். இதன் அருமையை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சில்லுகள் எல்லாம் சிலிக்கானில் செய்யப்படுவதால், சிலிக்கான் மேலேயே காந்தப் படலம் ஒன்றை வளர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சிலிக்கானோடு கொஞ்சம் மாங்கனீசு கலந்து வளர்த்தால் அது காந்தமாகலாம் என்று பலர் நம்பினார்கள். குளிர்ந்த நிலையில் மட்டும் காந்தமாக இருந்தால் பயனில்லை. சாதாரண அறை வெப்பத்தில், அதாவது மேசை மேல் வைத்த நிலையில், காந்தமாக இருக்க வேண்டும். எங்கள் படலங்கள் அப்படி இருந்தன. இன்னும் சரியாகச் சொன்னால், என் சீனியரின் படலங்கள் அப்படி இருந்தன.

அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆராய்ச்சிக்காக டெல்லி வந்து, ஹாஸ்டலில் தங்கியிருந்தவர். நான் டெல்லியிலேயே பிறந்து அரசாங்கக் குடியிருப்பில் வளர்ந்தவள். என் தமிழைக் கேட்டு அவர் சிரிப்பதும், அவர் இந்தியைக் கேட்டு ஆட்டோக்காரர்கள் சிரிப்பதும் எங்களுக்குள் சரிக்குச் சரியாக இருந்தது.

அந்த வருடம் அக்காவின் எல்லாமே அந்தப் படலங்களின் மேல்தான் நின்றன. ஆய்வேட்டின் முக்கியமான அத்தியாயம் அதுதான். கட்டுரை ஒன்றை வெளிநாட்டு ஆய்விதழ் ஏற்றுக்கொண்டிருந்தது. சின்னத் திருத்தங்கள் செய்து அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அந்தக் கட்டுரையை நம்பி, ஜெர்மனியில் ஒரு குழு அவரை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. இங்கே உதவித்தொகை முடிய சில மாதங்களே இருந்தன. ஷட்டர் திறக்காத அன்று அவர் ஆய்வகத்தில் இல்லை. விசாவுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று விசாரிக்க, தூதரகங்கள் இருக்கும் சாணக்யபுரிக்குப் போயிருந்தார்.

படலம் வளர்க்கும் முறை சுலபமாகச் சொல்லக்கூடியதுதான். எஃகுச் சேம்பருக்குள் காற்றை முழுவதும் உறிஞ்சிவிட்டு, கொஞ்சம் ஆர்கான் வாயுவை விடுவோம். மின்னழுத்தம் கொடுத்தால் உள்ளே ஊதா நிறத்தில் ஒளி எழும். ஆர்கான் அயனிகள் போய் மாங்கனீசுத் தட்டையும் சிலிக்கான் தட்டையும் இடிக்கும். தெறிக்கும் அணுக்கள் எதிரே கிளிப்பில் மாட்டியிருக்கும் சிலிக்கான் துண்டில் போய்ப் படியும். நடுவில் ஒரு மறைப்புத் தகடு உண்டு. அதுதான் ஷட்டர். முதலில் அதை மூடி வைத்து அழுக்கைத் தெறிக்கவிட்டு, பிறகு வெளியே இருக்கும் குமிழைத் திருகித் திறக்க வேண்டும். அன்று நான் திருகினேன். குமிழ் திரும்பியது. உள்ளே தண்டைப் பிடித்திருந்த சிறிய திருகு கழன்றிருந்ததால் தகடு அசையவில்லை. சன்னல் வழியே ஊதா ஒளி மட்டும் எப்போதும்போல அழகாகத் தெரிந்தது.

துண்டை வெளியே எடுத்தபோது அது போட்டபோது இருந்த மாதிரியே கண்ணாடியாகப் பளபளத்தது. படலம் படிந்திருந்தால் லேசாகப் பழுப்பேறியிருக்கும். என்ன ஆயிற்று என்று உடனே புரிந்துவிட்டது. எரிச்சலாக இருந்தது.

காந்த அளவைக் கருவி எங்களுடையது அல்ல. வேறொரு துறையில் இருந்தது. நகரத்தில் பாதிப் பேர் அதில் நேரம் கேட்டு நின்றார்கள். வாரத்தில் ஒரு பிற்பகல் கிடைத்தால் பெரிது. ஒருமுறை போகாமல் இருந்தால், அந்தப் பிற்பகல் வேறு ஆளுக்குப் போய்விடும், திரும்ப வாங்க மாதக்கணக்கில் அலைய வேண்டும். அதனால் எங்கள் ஆய்வகத்தில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. கையில் எது இருக்கிறதோ அதைக் கொண்டுபோய் வை, நேரத்தை மட்டும் விட்டுவிடாதே. பழைய துண்டையே மறுபடி அளந்தவர்களும் உண்டு.

கருவியை இயக்குபவர் ஹரியானாக்காரர். நான் நீட்டியதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டார்: "மேடம்-ஜி, இதுல ஏதாவது இருக்கா, இல்ல முகம் பார்க்கக் கொண்டுவந்தீங்களா?"

"இருக்கு பாய்-சாப். ரொம்ப மெல்லிசு" என்றேன்.

"இவ்வளவு மெல்லிசா? அச்சா, அச்சா. உங்க ஆராய்ச்சி எங்கேயோ போயிடுச்சு" என்று சொல்லியபடி துண்டைக் குச்சியின் நுனியில் ஒட்டினார்.

காந்தமில்லாத பொருளை இந்தக் கருவியில் வைத்தால் திரையில் ஒரு நேர்கோடு வரும். காந்தப் பொருள் என்றால், புலத்தை ஏற்றும்போது ஒரு வழியாகவும் இறக்கும்போது வேறு வழியாகவும் கோடு போய், நடுவில் வாயைத் திறக்கும். லூப் என்போம். வெறும் சிலிக்கானுக்குச் சரிந்த நேர்கோடுதான் வரவேண்டும். வந்தது லூப். சின்னதுதான். ஆனால் அதே அளவில், அதே வடிவத்தில், நான் வளர்த்த படலங்கள் ஒவ்வொன்றுக்கும் வந்திருக்கிறது.

"மெல்லிசா இருந்தாலும் தம் இருக்கு" என்றார் இயக்குபவர்.

மறுநாள் காலை அக்காவிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏட்டி, ஷட்டர் கொஞ்சமாவது தொறந்திருக்கும்லா?"

"இல்ல அக்கா. ஸ்க்ரூ கழண்டு கிடக்கு. நானே பார்த்தேன்."

"இடுக்கு வழியா தெறிச்சிருக்கும்."

"கலரே மாறல அக்கா."

"கலரு மாறாம படலம் இருக்கக் கூடாதா? நீயா முடிவு பண்ணிருவியா?"

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பிறகு அவரே துண்டை வாங்கி, தடிமன் அளக்கும் கருவிக்குக் கொண்டுபோனார். கிளிப் மறைத்த இடத்துக்கும் மறைக்காத இடத்துக்கும் நடுவே ஒரு படி இருக்க வேண்டும். ஊசி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எங்கேயும் ஏறாமல் போனது. துண்டை டப்பாவில் போட்டுக்கொண்டு அக்கா திரும்பினார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "சார்ட்ட இப்போ சொல்லாண்டாம். ஞாயித்துக்கிழம வரைக்கும் யோசிப்போம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவது வழக்கம். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இறங்கி, அம்மாவுக்குக் கருவேப்பிலையும் காபித்தூளும் வாங்கிக்கொண்டு வருவார். அன்று வெறுங்கையோடு வந்தார். அம்மா தட்டுகளை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். அப்பாதான் சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "என்னம்மா, விசா கிளியர் ஆயிடுச்சா?" என்றார்.

"விசா இருக்கட்டும் மாமா. இங்க காந்தமே கிளியர் ஆகல" என்றார் அக்கா.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னோம். அப்பா செக்ரடேரியட்டில் செக்‌ஷன் ஆபீசர். எல்லாவற்றையும் ஃபைல் கணக்கில் புரிந்துகொள்வார். "சரி, அந்தத் துண்டை யார் யார் தொட்டாங்க? அதை வரிசையாச் சொல்லு" என்று என்னைப் பார்த்தார். வரிசை என்றால் எனக்குப் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். சொன்னேன். கண்ணாடி வெட்டும் வைரமுனை, கழுவ அசிட்டோன், கையுறை, துண்டைப் பிடிக்கும் ட்வீசர் என்ற இடுக்கி, கிளிப், மறுபடி ட்வீசர்.

"கிளிப்பும் ட்வீசரும் என்ன மெட்டல்?"

"எவர்சில்வர் மாதிரிதாம் மாமா."

"எவர்சில்வர்ல காந்தம் ஒட்டாது" என்றார் அம்மா, அடுப்படியிலிருந்தே. "கடைக்காரனே காந்தத்தை வச்சுக் காட்டித்தான் விக்கிறான். ஒட்டாதது ஒரிஜினல்."

நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காந்தமில்லை என்பது புத்தகத்திலேயே இருக்கிறது. அக்கா சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து, ஃபிரிட்ஜ் கதவில் பால் கணக்குச் சீட்டைப் பிடித்திருந்த காந்தத்தை உருவினார். டம்ளரில் வைத்தார். வழுக்கி விழுந்தது. தட்டு, வழுக்கி விழுந்தது. சிங்க் தொட்டியின் தட்டையான அடியில் ஒட்டவில்லை. ஆனால் மடித்து வளைத்த மூலையில் லேசாக இழுத்தது. கரண்டியில் 'டக்' என்று ஒட்டி நின்றது.

"பாவி, ஒரிஜினல்னு சொல்லித்தானே இந்தக் கரண்டிய குடுத்தான்!" என்றார் அம்மா.

அக்கா ஈரக்கையில் காந்தத்தோடு சிங்கின் மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அடித்து வளைத்தால் ஸ்டீலின் உள்ளடுக்கு மாறும், மாறிய இடம் காந்தமாகும். எங்கள் ட்வீசரின் நுனி அடித்து, இழுத்து, ஊசியாகக் கூராக்கப்பட்ட நுனி.

"ஸ்டீலு காந்தமாவே இருக்கட்டும் அக்கா. அது எப்படி துண்டுக்கு வரும்?" என்று கேட்டேன்.

"சிலிக்கான் ஸ்டீலவிட கெட்டி ஏட்டி" என்றார். "நாமதாம் அது ஒடஞ்சிரும் ஒடஞ்சிரும்னு பயந்து பயந்து புடிக்கோம். தேயுதது ட்வீசரு."

அப்பா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "எங்க ஆபீஸ்ல ஒரு ஃபைல் தப்பாப் போயிட்டா, ஒரு நோட் போட்டுத் திருப்பி எடுத்துடலாம். உங்க லைன்ல?" என்றார்.

"எங்க லைன்லயும் ஒரு நோட்டுதாம் மாமா. அதுக்கப்புறம் நம்ம ஃபைல ஒருத்தனும் தொடமாட்டான்."

திங்கட்கிழமை பெட்டியிலிருந்து புதுச் சிலிக்கான் துண்டு ஒன்றை எடுத்தோம். புதுப் பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் ட்வீசரால் எடுத்தோம். எங்கள் தவறு உட்கார்ந்திருந்த இடம் இதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு படலத்தின் அளவிலிருந்தும் வெறும் சிலிக்கானின் அளவைக் கழிப்போம். கழிப்பதற்கான அந்த வெறும் துண்டுக்கு எந்த மரியாதையும் கிடையாது. பெட்டியிலிருந்து பிளாஸ்டிக்கால் எடுத்து நேராக அளவைக் கருவியில் வைத்துவிடுவோம். அதைச் சுத்தம் செய்வதில்லை, கிளிப்பில் மாட்டுவதில்லை, நல்ல ட்வீசரால் தொடுவதில்லை. படலம் வளர்க்கப்போகும் துண்டைத்தான் அவ்வளவு பத்திரமாக, வெளிநாட்டிலிருந்து வரவழைத்த நல்ல ஸ்டீல் ட்வீசரால், மூலையில் இறுக்கிப் பிடிப்போம். எங்கள் கவனிப்பு கூடக் கூட அதில் ஸ்டீலும் கூடியது.

அந்த வாரப் பிற்பகலில் புதுத் துண்டை முதலில் அப்படியே அளந்தோம். நேர்கோடு. பிறகு அக்கா நல்ல ட்வீசரால் அதன் நான்கு மூலைகளையும் எப்போதும் பிடிப்பதுபோல் பிடித்து, எடுத்து, வைத்தார். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. மறுபடி அளந்தோம். லூப்.

"அதே வெறும் துண்டு, ஒரு தடவை லூப் இல்ல, மறு தடவை லூப். உங்களுக்கு என்னதான் மேடம்-ஜி வேணும்?" என்றார் இயக்குபவர்.

அக்கா என்னை அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னார்.

இன்னும் ஒரே ஒரு சோதனை பாக்கி இருந்தது. ட்வீசர் லூப் தரும் என்பதால் படலங்கள் லூப் தரவில்லை என்று ஆகாது. இரண்டும் சேர்ந்து இருக்கலாம். கட்டுரையில் படமாகப் போட்டிருந்த துண்டின் ஓரங்களை வெட்டி எறிந்துவிட்டு, நடுப்பகுதியை மட்டும் அளக்க வேண்டும். ஆனால் வெட்டினால் அந்தத் துண்டு போயிற்று. யாராவது அதைக் கேட்டால் காட்ட முடியாது. ஜெர்மனிக்குப் போகும்போது கையில் எடுத்துப்போவதாக இருந்த துண்டு அது.

சாரிடம் சொன்னோம். எங்கள் வழிகாட்டி, வங்காளி, அதிகம் பேசாதவர். வரைபடங்களை மேசையில் பரப்பி நெடுநேரம் பார்த்தார். பிறகு, வெட்டாமல் விட்டுவிட்டு, ஓரங்களில் மாசு இருக்கலாம் என்று கட்டுரையில் ஒரு வரி சேர்த்தால் போதுமே என்றார். அது பொய்யில்லை. அப்படி ஒரு வரியோடு வெளிவரும் கட்டுரைகளை நாங்கள் எல்லோருமே படித்திருக்கிறோம். முடிவு உன்னுடையது என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

வெளியே வந்ததும் நான், "சார் சொன்னதும் டீக் தானே அக்கா, தப்பில்லையே" என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

"அந்த ஒரு வரிய அங்க போயி எத்தன வருஷம் சொமக்கது?" என்றார். "அவங்க என்னக் கூப்பிடுததே இந்தப் படலத்த வளக்கத்தாம். மொத மாசமே அவங்க ட்வீசரு பிளாஸ்டிக்கா இருந்துச்சுன்னா?"

கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "எனக்குத் தெரிஞ்சாவணும்ட்டி. அவ்வளவுதாம்" என்றார்.

அக்காதான் வெட்டினார். ஆய்வகத்தில் துண்டைக் கீழே போடாத ஒரே ஆள் அவர்தான். நாங்கள் எல்லோரும் தளர்வாகப் பிடித்து நழுவவிடுவோம். என் படலங்களின் லூப் எப்போதும் அவருடையதைவிடச் சிறியதாக வரும். எனக்கு வளர்க்கத் தெரியவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறேன். அவரும் எனக்குப் பலமுறை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார், இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடி என்று. வைரமுனை கோடு போடும் சத்தம் கேட்டபோது எனக்கு அது ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும்.

நடுப்பகுதி நேர்கோடு தந்தது. மற்றத் துண்டுகளையும் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி அளந்தோம். எல்லாம் நேர்கோடு. ஒன்றில் மட்டும் ஓரங்களை வெட்டிய பிறகும் சிறிய லூப் மிச்சமிருந்தது. அந்த வாரம் முழுவதும் அக்கா பழையபடி சாப்பிட்டார், ஜோக் அடித்தார், கேண்டீன்காரரிடம் தன் இந்தியில் வம்பு பேசினார். அடுத்த வாரம் நுண்ணோக்கியில் பார்த்தபோது, அதன் நடுவில் ஒரு கீறல் தெரிந்தது. எப்போதோ, யாரோ, நடுவில் பிடித்திருக்கிறார்கள். கீறல் இருந்த பகுதியை நீக்கிவிட்டு அளந்தோம். நேர்கோடு.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தைச் சார் தன் பெயரில் அனுப்பினார். ஜெர்மனிக்கு அக்காவே எழுதினார். நாகரிகமாகப் பதில் வந்தது. அந்த வேலைக்கான பணம் அந்தப் பொருளை ஆராய மட்டுமே கொடுக்கப்பட்டது, நேர்மைக்கு நன்றி, வாழ்த்துகள் என்று. அக்கா அதை என்னிடம் காட்டிவிட்டு, "நல்லா எழுதிருக்கான் பாரு, ஒரு பிழை இல்ல" என்றார். அதன்பிறகு இரண்டு நாள் ஆய்வகத்துக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, அந்த அத்தியாயத்தைத் தலைப்பிலிருந்து மாற்றி எழுத உட்கார்ந்தார்.

சரியாகச் செய்தோம் என்ற திருப்தி எனக்கு உடனே வரவில்லை. ஷட்டர் திறந்திருந்தால், அல்லது அன்று எங்களுக்கு நேரம் ஒதுக்காமல் இருந்திருந்தால், அக்கா போயிருப்பார் என்றே பல மாதங்கள் தோன்றிக்கொண்டிருந்தது. போயிருந்தால் அங்கே யாராவது கண்டுபிடித்திருப்பார்கள் என்பது நியாயமான பதில். கண்டுபிடிக்காமலும் இருந்திருக்கலாம். அப்போது அவர் இறுக்கிப் பிடித்துப் பிடித்து நல்ல நல்ல லூப்களாக எடுத்துக்கொண்டிருப்பார். இந்த இரண்டாவதை நினைக்கும்போதுதான் எனக்கு அவர் செய்தது புரிகிறது.

மூன்று வருடம் கழித்து இதை எழுதும்போது நிலைமை இது. அக்காவின் ஆய்வேடு, சிலிக்கான் படலங்களில் பொய்யாகத் தோன்றும் காந்தத்தன்மை பற்றியதாகச் சமர்ப்பிக்கப்பட்டது. பட்டம் கிடைத்துவிட்டது. வெளிநாட்டு வேலை கிடைக்கவில்லை. பெங்களூரில் கருவிகள் விற்கும் ஒரு கம்பெனியில் இருக்கிறார். மறுபடி ஆராய்ச்சிக்கு வர விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறார். நான் மாங்கனீசை விட்டுவிட்டுக் கோபால்ட்-இரும்புப் படலங்கள் வளர்க்கிறேன், ஆய்வை இன்னும் முடிக்கவில்லை. மாங்கனீசு கலந்த சிலிக்கான் அறை வெப்பத்தில் காந்தமா என்று கேட்டால், நாங்கள் வளர்த்தவை காந்தமில்லை. மற்றவர்கள் வளர்த்தவை பற்றி எங்களுக்குத் தெரியாது.